பதினாலு பத்திரிகையும் ஒரு அரிப்பும்

கல்யாணத்துக்குச் சரியா பத்தொம்பது நாள் இருந்தப்ப எங்கம்மா எனக்கு ஒரே ஒரு வேலை குடுத்துச்சு. திண்டுக்கல் டவுனுக்குள்ள இருக்க பதினாலு வீட்டுக்குப் பத்திரிகை வச்சிட்டு வரணும். அம்புட்டுத்தான்.

ஒரு மஞ்சப் பை. உள்ள பதினாலு பத்திரிகை, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுனது. ஒரு சின்னத் தட்டு, குங்குமச் சிமிழ், வெத்தல பாக்கு.

"தட்டுல வச்சு ரெண்டு கையால குடு. நின்ன வாக்குல நீட்டாத. குடும்பத்தோட வந்துருங்கன்னு வாயத் தொறந்து சொல்லு"ன்னு மூணு தடவ சொல்லி அனுப்புச்சு.

நான் செம்பட்டியில போர்வெல் மோட்டார் கடை வச்சிருக்கேன். பேரு மணிகண்டன், வயசு முப்பத்தொண்ணு. முந்நூறு அடிக் குழாய்க்குள்ள மோட்டார எறக்கி ஏத்துறவனுக்குப் பதினாலு பத்திரிகை ஒரு வேலையான்னு வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது பதினாலும் காலி. ஆனா அம்மா சொன்ன பதினாலு வீட்டுல ஒரு வீட்டு வாசப்படியக்கூட நான் மிதிக்கல.

ஏன்னா எனக்கு அரிப்பு.

சிரிக்காதீங்க மக்களே. செத்த நேரம் பொறுமையாக் கேளுங்க.

நிச்சயம் முடிஞ்சு மூணாவது வாரம். எனக்குப் பாத்த பொண்ணு ஹேமா. ஒட்டன்சத்திரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ரெண்டு வீட்டுலயும் 'பிளவுஸ் அளவு குடுக்கப் போறோம்'னு சொல்லிட்டு, சிறுமலை ரோட்டுல கார ஓரங்கட்டிப் பேசிக்கிட்டு இருந்தோம். மழை புடிச்சிக்கிருச்சு. கண்ணாடி பூரா ஆவி. பேச்சு கொறஞ்சுபோச்சு.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, எல்லாம் நடக்கல. அத சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுவேன். ஆனா எதுவுமே நடக்கலன்னு சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன். உடுப்பு இருந்துச்சு. இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சான்னு மட்டும் கேக்காதீங்க.

ரெண்டு பேருக்கும் சம்மதம், ரெண்டு பேருக்கும் சந்தோஷம். பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

பத்தாவது நாள் தொடை இடுக்குல அரிக்க ஆரம்பிச்சது. மொதல்ல சாதாரண அரிப்பு. அப்பறம் வட்டமா ஒரு செவப்பு. அப்பறம் கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒரு காலத் தூக்கி மேசை விளிம்புல தேய்க்கிற அளவுக்கு வந்துருச்சு.

கடையில கை பூரா கிரீஸ். அதனால போன்ல வாயாலயே கேட்டேன், மெதுவா. அந்தச் சனியன் என்னைய மாதிரி மெதுவாப் பேசல. கடையே அதிர்ற மாதிரி, "அந்தரங்கப் பகுதியில் அரிப்பு ஏற்படப் பல காரணங்கள் உண்டு"ன்னு ஆரம்பிச்சிருச்சு!

அந்நேரம் கடையில நின்னது தங்கராசு அண்ணன். பக்கத்து ஊருல தக்காளி போடுறவரு. அஞ்சு வருஷமா நம்ம கஸ்டமர். அவரு போனப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

"ஏன் தம்பி, நான் மோட்டாருக்கு வாரண்டி எம்புட்டு நாள்னு கேட்டா அது என்னமோ சொல்லுதே?"

"விளம்பரம்ண்ணே."

அவரு போனதும் கதவச் சாத்திட்டு மீதியப் படிச்சேன். படிச்சிருக்கக் கூடாது. முழுசா உறவே வேணாமாம், தோலோட தோல் ஒரசுனாலே தொத்துற சீக்கு இருக்காம். சிலது வருஷக்கணக்கா வெளியவே தெரியாம உள்ள உக்காந்திருக்குமாம். படம் வேற போட்டிருந்தாங்க. அன்னிக்கு மத்தியானச் சோத்துல வெஞ்சனத்தத் தொடவே முடியல.

வருஷக்கணக்குன்னதும் எனக்குக் கோயமுத்தூர் ஞாபகம் வந்துச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அங்க வேலை பாத்தப்ப ஒரு பொண்ணும் நானும் பழகுனோம். அங்கயும் இதே அரைகுறைக் கதைதான். அப்பறம் அவங்க வேற ஊருக்குப் போயி, எல்லாம் முடிஞ்சுபோச்சு. முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிருந்தேன்.

எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. ஹேமாவுக்குக் குடுத்துட்டேன்னா? அந்தப் புள்ள என்னைய நம்பி மழைக்குள்ள உக்காந்திருந்துச்சு. மறச்சு வச்சுத் தாலி கட்டுனா நான் மனுசனே இல்ல. சொன்னா கல்யாணம் நின்னுரும். எனக்கு அவள ரொம்பப் புடிச்சிருந்துச்சு மக்களே. அதுதான் பயமே.

திண்டுக்கல்லுல இருக்க என் கூட்டாளி அப்பாஸுக்குப் போன் அடிச்சேன். அவங்க குடும்பமே தோல் வியாபாரம்.

"தோல் மேட்டர்னா எங்கிட்ட வந்துட்டேல்ல, விடு"ன்னான். "வட்டமா இருக்கா? ஓரம் தடிச்சிருக்கா?"

"ஆமாடா."

"ஆட்டுத் தோலா இருந்தா உப்பப் போட்டு நாலு நாள் அடுக்கி வைப்போம்."

"வைடா போன."

மெடிக்கல்ல போயி 'ஃப்ரெண்டுக்கு'ன்னு சொல்லி ஒரு ஆயின்மெண்ட் வாங்கிப் போட்டேன். ரெண்டு நாள் சொர்க்கம். மூணாவது நாள் வட்டம் ரெண்டு மடங்கு பெருசாகி எல்லை தாண்டிப் போயிருச்சு. அன்னிக்குத்தான் அம்மா மஞ்சப் பையக் கையில குடுத்துச்சு.

நல்லதாப் போச்சுன்னு நேரா ஒரு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். இலவசமா ரத்தப் பரிசோதனை பண்ணி, ரகசியமா ஆலோசனை சொல்ற நம்பிக்கை மையம் அங்க இருக்கு. ஹெல்மெட்டக் கழட்டாம உள்ள போனேன். பேரு, வயசு, வந்த காரணம் கேட்டாங்க. கல்யாணம் வருது, பாத்த பொண்ணோட கொஞ்சம் நெருங்கிட்டேன்னு சொல்லிட்டேன். பேருல மட்டும் உண்மையச் சொல்ல வாய் வரல.

"முருகேசன்."

பழனிக்குப் பக்கத்துல இருக்கவன் பொய்ப் பேரு சொன்னா வேற என்ன வாயில வரும்?

பெஞ்சுல உக்காருன்னாங்க. மூச்சு முட்டுதுன்னு ஹெல்மெட்டக் கழட்டுனேன். கழட்டுன அடுத்த நிமிஷம்!

"அட, மோட்டார்க்கடைத் தம்பி!"

தங்கராசு அண்ணன். பக்கத்துல மாசமா இருக்க அவரு மக. "மகளுக்கு இங்க டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்கப்பு. மாசமா இருக்கவங்க எல்லாருக்கும் எடுக்குறதாம். ஆமா, நீ இங்க என்ன பண்ற?"

மூளை வேலை செய்யல. கை மட்டும் மஞ்சப் பையக் கெட்டியாப் புடிச்சிருந்துச்சு.

"பத்திரிகை வைக்க வந்தேன்ண்ணே."

"ஆஸ்பத்திரிக்கா?"

"தெரிஞ்சவங்க இருக்காங்கண்ணே."

"யாரு?"

"நீங்கதாண்ணே!"

எந்திரிச்சேன். தட்ட எடுத்தேன். வெத்தல பாக்கு, குங்குமம், பத்திரிகை. ரெண்டு கையால நீட்டி, "குடும்பத்தோட வந்துருங்க"ன்னேன். அம்மா பாத்திருந்தா பெருமைப்பட்டிருக்கும்.

தங்கராசு அண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நான் இங்க இருக்கேன்னு விசாரிச்சு வந்தியாப்பு?"

தப்பிச்சோம்னு உக்காந்தேன். பக்கத்துல இருந்த ஒரு அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

"ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம். ஒருத்தருக்கு வச்சுட்டு ஒருத்தர விடுறது எங்க பக்கம் வழக்கமில்ல தம்பி."

எங்க பக்கமும் வழக்கமில்ல. அதுதான் வெனை. அந்தம்மாவுக்கு ஒண்ணு வச்சேன். அவங்களுக்கு அடுத்து உக்காந்திருந்த புருசன் பொண்டாட்டிக்கு ஒண்ணு. எதுத்த பெஞ்சுல நாலு பேரு சட்டைய இழுத்துவிட்டுத் தயாரா உக்காந்துட்டாங்க. லேப்ல இருந்து மூணு பேரு எட்டிப் பாத்தாங்க, அவங்களுக்கும் ஆளுக்கொண்ணு. அப்பறம் வாங்குன ஒரு அம்மா குங்குமத்த எடுத்து எனக்கே நெத்தியில வச்சு, "நூறு வருஷம் நல்லா இருப்பா"ன்னுச்சு. நான் எத்தன நாள் இருப்பேன்னு தெரிஞ்சுக்கத்தான் அங்க வந்ததே!

அப்பத்தான் உள்ள இருந்து சத்தம். "முருகேசன்!"

எந்திரிக்கப் போயி அப்படியே உக்காந்துட்டேன். தங்கராசு அண்ணன் கையில இருக்க பத்திரிகையில பெருசா 'திருநிறைச்செல்வன் மணிகண்டன்'னு போட்டிருக்கு. நான் எப்படி முருகேசனா எந்திரிக்கிறது?

"முருகேசன் இருக்காரா?"

மேல ஃபேனப் பாத்தேன். நல்ல ஃபேன்.

கடைசி பெஞ்சுல இருந்து அறுவது வயசுல ஒருத்தரு, "இந்தா வாரேன்"னு எந்திரிச்சு உள்ள போயிட்டாரு. நிஜ முருகேசன்! சளிப் பரிசோதனைக்கு வந்தவராம்.

அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்தாரு. மூஞ்சி வெளிறிப்போயிருந்துச்சு.

"இருமலுக்கு வந்தேன்யா. அந்தம்மா, கல்யாணத்துக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு, அந்தப் பொண்ணோட எதுவரைக்கும் நெருங்குனீங்கன்னு கேக்குது. எனக்குப் பேரன் காலேஜ் படிக்கிறான்யா!"

பெஞ்சே அவருக்காகப் பரிதாபப்பட்டுச்சு. நானும் சேந்து பரிதாபப்பட்டேன். வேற வழி?

அவருக்கும் ஒரு பத்திரிகை வச்சேன். மனசு கேக்கல. அதோட பன்னெண்டு.

அங்க தரை தொடைக்கிற அக்கா ஒருத்தங்க ஓரமா மாப்போட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. எல்லாருக்கும் வச்சுட்டு அவங்கள விட்டா நல்லா இருக்காதுன்னு பதிமூணாவத எடுத்துக்கிட்டுப் போனேன். அக்கா கையச் சேலையில தொடச்சிட்டு வாங்குனாங்க. பத்திரிகைய உத்துப் பாத்தாங்க.

"தம்பி, இது எனக்கு வந்துருச்சே?"

"வாய்ப்பில்லக்கா."

"காலையில ஒரு பொண்ணு வச்சுச்சுப்பா. இதே மண்டபம், இதே நாளு. கலர்தான் வேற." மாப்ப செவுத்துல சாச்சுட்டு, பையில இருந்து எடுத்துக் காட்டுனாங்க.

எங்க பக்கம் பொண்ணு வீடு தனியா, மாப்பிள்ளை வீடு தனியா பத்திரிகை அடிப்போம். என்னது செவப்பு. இது பச்சை. மேல ஹேமாவோட அப்பா பேரு.

"அந்தப் பொண்ணு எங்கக்கா?"

"ரத்தம் குடுத்துட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்னு போச்சு. இந்தா வருதே!"

திரும்புனேன். வராந்தா மொனையில ஹேமா. தோள்ல ஒரு மஞ்சப் பை. கையில ஒரு தட்டு.

அவளும் என்னையப் பாத்துட்டா. ஓடலாமான்னு யோசிச்சது மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. நானும் அதத்தான் யோசிச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்.

"ஏனுங்க, நீங்க இங்க?"

"பத்திரிகை வைக்க வந்தேன்."

"நானுந்தானுங்க."

அப்பறம் அவ மெதுவா, "எங்க ஸ்கூல் பையனோட அம்மா ஒருத்தங்க பாத்துப்போட்டாங்க. அதுல ஆரம்பிச்சதுங்க. பதினாறு போயிருச்சு"ன்னா.

"எனக்குப் பதிமூணு."

தங்கராசு அண்ணன் எந்திரிச்சு நின்னு கை தட்டாத குறை. "பொண்ணும் மாப்ளயும் சேந்து வந்து நோயாளிக்கெல்லாம் பத்திரிகை வைக்கிறீங்களா! இந்த மனசு யாருக்குப்பா வரும்!"

மொத்த வராந்தாவும் எங்களப் பாசமாப் பாத்துச்சு. எனக்கோ சொறியணும். அதுவும் அந்நேரம் பாத்து உச்சத்துல. ஹேமாவும் ஒரு மாதிரி காலு மாத்தி காலு நின்னுக்கிட்டு இருந்தா. அப்பக்கூட எனக்குப் புரியல பாருங்க!

ஆலோசனை சொல்ற மேடம் வெளிய வந்தாங்க. "இன்னொரு முருகேசன் இருக்கணுமே. வயசு முப்பத்தொண்ணு?"

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே கதவப் பாத்து நடந்தேன். ஹேமா பின்னாடியே வந்தா. மேடம் எங்க ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா, "சேந்து பேச உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் தலையாட்டுனோம். பதினாலாவது பத்திரிகைய மேடத்துக்கு வச்சேன். கை அதுவா செஞ்சிருச்சு.

நான் மூச்சு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டேன். சிறுமலை, கோயமுத்தூர், ஆயின்மெண்ட், அப்பாஸ் சொன்ன உப்பு உட்பட. "உனக்கு எதையாச்சும் குடுத்துட்டேனோன்னு பயந்துட்டேன். சொன்னா நீ வேணாம்னு போயிருவியோன்னு அத விடப் பயந்துட்டேன்."

ஹேமா தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

"எனக்கும் காலேஜ்ல ஒருத்தர் இருந்தாருங்க. உங்க கோயமுத்தூர் மாதிரியேதான். எனக்கு அரிக்க ஆரம்பிச்சதும் நாந்தான் உங்களுக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சு ரெண்டு வாரமாத் தூங்கலீங்க."

அந்தக் காலேஜ்காரர் மேல எனக்கு ஒரு செகண்டு கோவம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த செகண்டே என் யோக்கியதை எனக்கு ஞாபகம் வந்து கோவம் ஓடிப்போச்சு. அப்பறம் வந்தது பூரா நிம்மதிதான். எனக்காக ஒருத்தி ரெண்டு வாரம் தூங்கலங்கிறது அம்புட்டு சந்தோஷமா இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல.

மேடம் சிரிப்ப அடக்கிக்கிட்டுப் பொறுமையாச் சொன்னாங்க. "முத்தம் குடுக்கிறது, கட்டிப் புடிக்கிறது, மேலால ஒரசுறது, இதுல எச்.ஐ.வி வராது. ஆனா புண்ணு, கொப்புளம், மரு மாதிரி இருக்கிற சில நோய் தோல் ஒரசுனாலே ஒட்டும். அதனால நீங்க வந்தது சரி. போனப் பாத்து நீங்களா முடிவு பண்ணது, மெடிக்கல்ல மருந்து வாங்கித் தேய்ச்சது ரெண்டும் தப்பு. தோல் டாக்டரப் பாருங்க."

என்னோட ரத்தத்தயும் எடுத்தாங்க. ரெண்டு பேரு ரிசல்ட்லயும் ஒண்ணும் இல்ல. தோல் பிரிவுக்குப் போனோம். எனக்கு ஒரு டாக்டர், ஹேமாவுக்கு ஒரு லேடி டாக்டர். நடுவுல ஒரு பச்சைத் திரை.

என் டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. திரைக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஒரே வார்த்தை கேட்டுச்சு.

"படர்தாமரை."

"ஈரத் துணியோட ரொம்ப நேரம் இருப்பீங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு.

நாள் பூரா கெணத்தடியில நனைஞ்சு, அந்த ஜீன்ஸயே காயப்போட்டு வாரம் பூரா போடுறவன் நான். சொன்னேன். டாக்டர் டார்ச்ச அணைச்சுட்டாரு.

"இது தோலோட தோல் பட்டா ஒட்டும். உங்ககிட்ட இருந்து அவங்களுக்குப் போயிருக்கு. நீங்க தேய்ச்ச ஆயின்மெண்ட் அதுக்குத் தீனி போட்டிருக்கு."

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ஹேமா குரல். "நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீரு ஒண்ணும் வரலைன்னு எங்கம்மா கொறைப்பட்டாங்க. வந்துருச்சுங்க."

லேடி டாக்டர் சிரிச்ச சிரிப்புல திரை ஆடுச்சு.

"ரெண்டு பேரும் நாலு வாரம் விடாம க்ரீம் போடுங்க. அரிப்பு நின்னாலும் நிறுத்தக் கூடாது. ஆறுற வரைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் படக் கூடாது. கல்யாணம் எப்ப?"

"இன்னும் பத்தொம்பது நாள் டாக்டர்."

அவரு வெரல் விட்டு எண்ணுனாரு. "அப்ப கல்யாணத்துக்கப்பறம் ஒரு ஒன்பது நாள் தள்ளியே படுங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டுச்சு. "பதினாலும் வச்சுட்டியா?"

"வச்சுட்டேன்மா." அது பொய் இல்ல.

உண்மையான பதினாலு வீட்டையும் மறுநாள் போன்ல கூப்புட்டுக் கெஞ்சுனேன். நாலு வீடு வந்தாங்க. ஆஸ்பத்திரியில இருந்து முப்பது பேரு வந்தாங்க, குடும்பத்தோட. நிஜ முருகேசன் மேடையேறி என் காதுல, "எதுவரைக்கும்?"னு கேட்டுட்டுப் போனாரு. அது வீடியோவுல இருக்கு.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. டாக்டர் சொன்னதத் தட்டல. ஒரே ரூம்ல இந்தச் செவுத்தோரம் ஒரு பாய், அந்தச் செவுத்தோரம் ஒரு பாய். நடுவுல உக்காந்து பேசுவோம், சிரிப்போம். ஒன்பது நாள எண்ணிக்கிட்டு இருந்தோம். எண்ணுனது கணக்கு டீச்சர். ஒரு மணி நேரம்கூடத் தப்பல.

தெனமும் காலையில ரூமப் பெருக்க வந்த அம்மா ரெண்டு பாயையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

பத்தாம் நாள் காலையில குளிச்சு முடிச்சு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே ஒண்ணா வெளிய வந்தோம். ஹேமா கையில சுருட்டுன ஒரு பாய். இனி ஒரு பாய் போதும், இதத் திருப்பி மாடிக்குக் கொண்டு போயிரலாம்னு முடிவு.

அம்மா எங்களப் பாத்ததும் அழுதுருச்சு.

"அப்பனே முருகா! ரெண்டு பேரும் சண்ட போட்டுத் தனித்தனியாப் படுக்குறாங்களேன்னு நான் வேண்டாத வேண்டுதல் இல்ல. ஒத்துமையாக்கிட்டியே!"

பூஜை ரூமுக்குள்ள போயி ரெண்டு துளசி மாலையோட வந்துச்சு.

"நீங்க ஒண்ணு சேந்துட்டா ரெண்டு பேருக்கும் மாலை போட்டு, விரதம் இருக்க வச்சு, பழனிக்கு நடந்தே வரவைக்கிறேன்னு வேண்டியிருக்கேன். கழுத்த நீட்டுங்க."

டாக்டர் கேட்டது ஒன்பது நாள். முருகன் கேட்டது இருபத்தொண்ணு.